அம்பத்தூர் – ஜீடிமெட்லா: ஓர் ஆற்றின் வழியே

மீனம்பாக்கம்

சென்னையிலிருந்து ஹைதராபாத் எவ்வளவு தூரம் என்ற கேள்விக்கு ஒற்றைப் பதில் கிடையாது. விமானத்துக்குச் சுமார் 510 கிலோமீட்டர். நெல்லூர், ஓங்கோல் தாண்டி அத்தங்கியில் திரும்பி நார்கட்பல்லி வழியாகப் போகும் லாரிக்கு 630-க்குப் பக்கம். விஜயவாடாவைச் சுற்றிக்கொண்டு போகும் ரயிலுக்கு 790. அக்கா குடும்பம் ஜீடிமெட்லாவுக்குக் குடிபோன நாளிலிருந்து எங்கள் அம்பத்தூர் வீட்டில் இந்தத் தூரத்தைப் பற்றிய பேச்சு ஓயவில்லை. அம்மாவுக்கு அது ‘ஒரு ராத்திரி தூரம்’. அத்தானுக்கு அது லாரி தூரம். அவர் வேலை பார்க்கும் மருந்து மூலப்பொருள் கம்பெனியிலிருந்து சாயங்காலம் புறப்படும் லாரி, மறுநாள் மதியத்துக்குள் சென்னைக்குத் தெற்கே ஆலத்தூர் தொழிற்பேட்டைக்கு வந்துவிடும். நவராத்திரிக்கு வரும்படி அக்கா கூப்பிட்டபோது, போகும்போது விமானம், வரும்போது ரயில் என்று முடிவு செய்தேன். இரண்டு தூரத்தையும் அடுத்தடுத்துப் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசைதான்.

விமான அட்டவணையில் பயண நேரம் ஒன்றே கால் மணி என்று போட்டிருப்பார்கள். அவ்வளவு நேரமும் விமானம் பறப்பதில்லை. நின்றிருக்கும் விமானத்தின் சக்கரத்துக்கு அண்டைக் கட்டை வைத்திருப்பார்கள் அல்லவா, அதை எடுத்த நிமிடத்திலிருந்து, போய்ச் சேர்ந்த இடத்தில் மறுபடி வைக்கும் நிமிடம் வரை உள்ள நேரம் அது. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும், வரிசையில் காத்திருப்பதும், இறங்கிய பின் வாசல் தேடி உருள்வதும் அதில் சேரும். ஏர்பஸ் 320 ரக விமானம் மேலே போனபின் மணிக்கு 830 கிலோமீட்டர் வேகத்தில் போகும். அந்த வேகத்திலேயே முழுத் தூரத்தையும் கடந்தால் 37 நிமிடம் போதும். ஆனால் இவ்வளவு குறுகிய பயணத்தில் பாதிக்கு மேல் ஏறுவதிலும் இறங்குவதிலும் போய்விடுகிறது. தரையை விட்டு மறுபடி தரையைத் தொட ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஆகும்.

பக்கத்து இருக்கையில் திருச்செங்கோட்டுக்காரர் ஒருவர். போர்வெல் வண்டிகளுக்கு மேனேஜர். ஆந்திராவிலும் தெலங்கானாவிலும் ஆழ்துளைக் கிணறு போடும் வண்டிகளில் திருச்செங்கோட்டுப் பதிவு எண்ணைப் பார்க்காமல் இருக்க முடியாது. இவர் பதினெட்டு வயதில் ரிக் வண்டியின் பின்னால் போகும் சாமான் லாரியில் படுத்துக்கொண்டே மேடக் ஜில்லாவுக்குப் போனவராம்.

“அப்பல்லாம் மூணு நாள் ஆகுமுங்க. ரிக்கு வண்டி வேகமா ஓடாதுங்களே. வழியில யாராச்சும் கூப்ட்டா நின்னு ஒரு போர் போட்டுட்டுப் போவோம்,” என்றார்.

“இப்ப விமானத்துலயே போறீங்களா?”

“மொதலாளி டிக்கெட் போட்டுக் குடுத்தாருங்க. ஒரு நா வேலை நின்னா வண்டிக்கு ஆவுற நட்டம், இந்த டிக்கெட்டைக் காட்டியும் ஜாஸ்திங்க.”

நல்லமலைக்கு மேலே

வரைபடத்தில் மீனம்பாக்கத்துக்கும் ஷம்ஷாபாதுக்கும் இடையே அடிக்கோல் வைத்து ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். அது நெல்லூர் மாவட்டத்தில் கண்டலேறு அணையை ஒட்டிப் போகும். அப்புறம் வடக்கே ஸ்ரீசைலம் அணைக்கு மேல் கிட்டத்தட்ட அப்படியே விழும். அன்றன்றைய காற்றுக்கும் வான் போக்குவரத்துக்கும் ஏற்ப விமானம் கொஞ்சம் விலகலாம். பெரிய வித்தியாசம் வராது. இந்த இரண்டு அணைகளும் சென்னைக்காரர்களுக்கு யாரோ எவரோ அல்ல. தெலுங்கு கங்கைத் திட்டத்தில் கிருஷ்ணா நீர் நமக்கு வரும் வழி இதுதான்.

மஹாராஷ்டிரம், கர்நாடகம், ஆந்திரம் மூன்றும் ஆளுக்கு 5 டி.எம்.சி. வீதம் 15 டி.எம்.சி. தண்ணீரைச் சென்னைக்கு விட்டுக்கொடுக்க ஒப்புக்கொண்டது 1976-இல். வழியில் ஆவியாவதும் கசிவதும் போக 12 டி.எம்.சி. எல்லைக்கு வர வேண்டும் என்பது கணக்கு. 1983-இல் எம்.ஜி.ஆரும் என்.டி.ஆரும் முதல்வர்களாக இருந்தபோது திட்டம் தொடங்கியது. ஸ்ரீசைலம் நீர்த்தேக்கத்தில் போத்திரெட்டிபாடு மதகிலிருந்து வெலுகோடு, பிரம்மசாகர், சோமசிலை என்று தங்கித் தங்கி வரும் நீர் கண்டலேறுக்கு வந்து சேர்கிறது. அங்கிருந்து 152 கிலோமீட்டர் கால்வாயில் ஊத்துக்கோட்டைப் பக்கம், தமிழக எல்லையில் ஜீரோ பாயின்ட். அங்கிருந்து 25 கிலோமீட்டரில் பூண்டி. முதல் தண்ணீர் வந்தது 1996-இல். பூண்டியிலிருந்து அது எங்கள் வீட்டுக்கு வடக்கே இருக்கும் புழல் ஏரிக்கும் வருகிறது. விமானம் முக்கால் மணி நேரத்துக்குள் கடக்கும் இதே வழியைத் தண்ணீர் பல நாட்கள் எடுத்துக் கடக்கிறது.

எழும்பிய சில நிமிடங்களில் வலப்பக்கம் பழவேற்காடு ஏரி வெயிலில் மின்னியது. பிறகு செம்மண்ணும் பச்சையுமாக நெல்லூர் வயல்கள். கண்டலேறு என்று நான் கணித்த நேரத்தில் கீழே நீளமான கரையும் அதன் பின்னால் விரல் விரலாகப் பிரிந்து கிடக்கும் நீரும் தெரிந்தன. அதற்கு அப்பால் நல்லமலை. பல நிமிடங்களுக்கு ஊர் என்று சொல்ல ஒன்றும் கண்ணில் படவில்லை. மடிப்பு மடிப்பாகக் காடு மட்டும்தான். இந்தியாவின் மிகப் பெரிய புலிகள் காப்பகம் அந்தக் காட்டில்தான் இருக்கிறது. விமானம் இறங்கத் தொடங்கியபோது மலை இடுக்கில் கிருஷ்ணா. புரட்டாசி மாதம், அணை நிறைந்திருந்தது. தண்ணீர் மலைச் சந்துகளுக்குள் எல்லாம் புகுந்து நின்றது.

திருச்செங்கோட்டுக்காரர் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். “இத்தனை தண்ணி இங்க கெடக்குது பாருங்க. இதுக்கு அந்தாண்ட ஆயிரம் அடி எறக்குனாலும் வெறும் புகைதான் வருமுங்க,” என்றார். பாறை உடைந்து தூசி பறப்பதைத்தான் புகை என்றார். நீர் கிடைக்காத போர் என்று அர்த்தம். ஒரு விவசாயி தோட்டத்தில் மூன்றாவது தடவையும் புகை வந்தபோது, பணம் வாங்காமல் வண்டியைக் கிளப்பிக்கொண்டு வந்ததையும், அதற்காக முதலாளியிடம் பேச்சு வாங்கியதையும் சொன்னார். இறங்கும் வரை அவர் அதற்குமேல் பேசவில்லை.

ஷம்ஷாபாத் முதல் பாலாநகர் வரை

ஷம்ஷாபாத் விமான நிலையம் 2008 மார்ச்சில் திறக்கப்பட்டது. அதுவரை விமானங்கள் ஊருக்கு நடுவே பேகம்பேட்டையில் இறங்கின. அங்கிருந்து ஜீடிமெட்லா பக்கம். இப்போது நகரத்தின் தென்கோடியில் இறங்கி வடகோடிக்குப் போக வேண்டும். நேர்க்கோட்டில் 30 கிலோமீட்டர்தான், சாலையில் 40-க்கு மேல். நான் போன சாயங்காலம், வானத்தில் 510 கிலோமீட்டருக்கு ஆன நேரத்தைவிட இந்த நாற்பதுக்குக் கூடுதல் நேரம் ஆனது.

பேகம்பேட்டையைத் தாண்டும்போது அந்த ஓடுபாதையின் சுவரைப் பார்க்கலாம். இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு நிஜாம் அரசும் டாட்டாவும் சேர்ந்து தொடங்கிய டெக்கான் ஏர்வேஸ் இங்கிருந்துதான் டக்கோட்டா விமானங்களை ஓட்டியது. இந்தியாவில் பயணிகள் விமானம் ஓட்டிய முதல் பெண்ணான பிரேம் மாத்தூருக்கு வேலை கொடுத்தது இந்தச் சிறிய கம்பெனிதான். 1953-இல் எல்லாத் தனியார் கம்பெனிகளோடும் சேர்த்து அது இந்தியன் ஏர்லைன்ஸில் கரைந்துவிட்டது. டக்கோட்டாவின் வேகம் மணிக்கு முந்நூறு கிலோமீட்டரை ஒட்டித்தான். மதராஸுக்கு இரண்டு மணி நேரம் பிடித்திருக்கும். ஆனால் இறங்கிய பயணி அரை மணியில் வீட்டுக்குப் போயிருப்பார். எழுபது ஆண்டுகளில் விமானம் மூன்று மடங்கு வேகமாகியும், வாசலிலிருந்து வாசலுக்கு நாம் மிச்சப்படுத்தியது சொற்பம்.

டாக்சி ஓட்டியவர் பாலமூருக்காரர், அதாவது மஹபூப்நகர் மாவட்டம். என் தெலுங்கு அரைகுறை. அவருடைய தமிழ் சினிமாவில் கற்றது. இரண்டையும் வைத்துச் சமாளித்தோம். சென்னையிலிருந்து வருகிறேன், ஸ்ரீசைலம் அணையை மேலிருந்து பார்த்தேன் என்றேன். “எங்க அம்மா ஊரு அதுக்குள்ளதான் சார் இருக்கு,” என்றார். கொல்லாப்பூர் பக்கம் ஆற்றங்கரைக் கிராமம். 1981 வாக்கில் அணை நிறைந்தபோது மஹபூப்நகர், கர்நூல் மாவட்டங்களில் நூறு கிராமங்களுக்குக் குறையாமல் மூழ்கின. அவருடைய தாத்தா அதற்கு முன்பே அணைக்கட்டு வேலைகளுக்கு மண் சுமக்கப் போனவர். நாட்டின் எத்தனையோ அணைகளிலும் கால்வாய்களிலும் பாலமூர்க் கூலிகளின் உழைப்பு உண்டு. அவர் கோபமாகச் சொல்லவில்லை. கோடையில் நீர் வற்றும்போது கோயில் கல் வெளியே தெரியும், அம்மா போய்க் கும்பிட்டுவிட்டு வருவார் என்று மட்டும் சொன்னார். புழல் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவனுக்கு அதற்கு என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை. இந்த ஊர்களின் பெயர்களைச் சென்னைப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று நினைக்கிறேன். பூண்டியில் ஒரு கல்வெட்டாவது வைக்கலாம்.

ஜீடிமெட்லா

பாலாநகர் தாண்டியதும் காற்று மாறுகிறது. 1961-இல் தொடங்கிய பொதுத்துறை மருந்துக் கம்பெனியான ஐ.டி.பி.எல்.லின் பெரிய வளாகம் இங்கேதான். சோவியத் உதவியோடு வந்த அந்த ஆலை, இன்று ஹைதராபாதில் இருக்கும் மருந்துத் தொழிலுக்கே தாய் வீடு. டாக்டர் ரெட்டீஸ் நிறுவனத்தைத் தொடங்கிய அஞ்சி ரெட்டி அங்கே வேலை கற்றவர்தான். ஆலை ஓய்ந்துவிட்டது. அங்கே கற்றவர்களும் அவர்களிடம் கற்றவர்களும் ஜீடிமெட்லாவில் வரிசையாகக் கம்பெனிகள் போட்டார்கள். மருந்து மூலப்பொருள், வார்ப்பு, பிளாஸ்டிக், அட்டைப்பெட்டி என்று எல்லாம் கலந்த பேட்டை.

அம்பத்தூர் எஸ்டேட்டில் வளர்ந்தவனுக்கு இந்த ஊர் சட்டென்று பிடிபட்டுவிடுகிறது. ஷிப்ட் முடிந்து கேட்டுக்கு வெளியே கூட்டமாக வந்து டீக்கடையில் பிரிகிற ஆட்கள், வெல்டிங் வெளிச்சம், லாரிகளுக்கு இடையே நெளிந்து போகும் சைக்கிள். வித்தியாசம் மூக்குக்குத்தான் முதலில் தெரியும். அம்பத்தூரில் எண்ணெயும் இரும்புத் தூளும் மணக்கும். இங்கே கரைப்பான்களின் இனிப்பும் காரமுமான வாசனை, ராத்திரி பத்து மணிக்கு மேல் கூடுதலாக. கழிவுநீர் டேங்கர்கள் வந்துபோய்க்கொண்டே இருக்கின்றன. பேட்டைக்கென்று பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் ஒன்று இருக்கிறது. நாட்டில் முதலில் வந்தவற்றில் அதுவும் ஒன்று. அப்படியும் நிலத்தடி நீரை யாரும் வாயில் வைப்பதில்லை. “போர் தண்ணியில பாத்திரம்கூடக் கழுவ மாட்டோம்,” என்றாள் அக்கா. 2015-இலிருந்து எல்லம்பல்லியில் எடுக்கும் கோதாவரி நீர் குழாயில் நகரத்துக்கு வருகிறது. வடபகுதிக்கு அதுதான் தெம்பு. நகரத்தின் தெற்கே நாகார்ஜுனசாகரிலிருந்து கிருஷ்ணா நீர், அது 2004-இலிருந்து. சென்னையும் ஹைதராபாதும் ஒரே ஆற்றைக் குடிக்கின்றன.

பேட்டையை ஒட்டிய ஷாபூர் நகரில் மாலை ஆறு மணிக்குமேல் நடந்தால் சாலையோரம் வரிசையாக விறகடுப்புகள் தெரியும். ஜொன்ன ரொட்டி, அதாவது சோள ரொட்டி. நாங்கள் வாங்கிய அடுப்பில் ஐம்பது வயதுப் பெண்மணி, மேடக் பக்கத்துக்காரர். வெந்நீர் விட்டுப் பிசைந்த மாவில் ஒரு உருண்டையை எடுத்துப் பலகை மேல் காய்ந்த மாவைத் தூவி வைத்தார். குழவி, கட்டை எதுவும் கிடையாது. வலது உள்ளங்கையால் தட்டத் தட்ட, இடது விரல்கள் ஓரத்தை அணைத்துக்கொண்டே இருந்தன. மாவு தானாகச் சுழன்று அகலமாகிக்கொண்டே போனது. சோள மாவுக்குப் பசை கிடையாது, ஓரம் பிளந்துவிடும். பிளக்க விடாமல் வைப்பதுதான் வித்தை. காகிதம் போல ஆனதும் ஒரே வீச்சில் தவாவில் போட்டு, ஈரத்துணியால் மேலே ஒரு தடவு. நீர் உலர்ந்ததும் திருப்பி, பிறகு தவாவைத் தள்ளிவிட்டு நேரே தணலில். ரொட்டி உப்பி எழுந்தது. அதைத் தட்டிப் பழைய செய்தித்தாளில் சுருட்டிக் கொடுத்தபோது கை சுட்டது. கோங்குரா பருப்போடும் பச்சை மிளகாய்த் துவையலோடும் தின்றேன். அத்தான் சர்க்கரை நோய் வந்தபின் ராத்திரிச் சோற்றை விட்டு இதற்கு மாறிவிட்டார். சோளமும் கம்பும் நம் ஊர்த் தட்டிலும் இருந்தவைதானே. நாம் விட்டுவிட்டதை இந்த நகரம் தெருவிலேயே காப்பாற்றி வைத்திருக்கிறது.

அடுப்படியில் எங்களோடு காத்திருந்தவர்களில் ஒடிசா இளைஞர்கள் மூவர். பெர்ஹாம்பூர் பக்கம், வார்ப்பாலையில் வேலை. அவர்களுடைய ஊருக்கு எவ்வளவு தூரம் என்று கேட்டேன். ஒருவன் இந்தியில் சொன்னான்: போக ஒரு நாள், வர ஒரு நாள், இரண்டு நாள் சம்பளம். டிக்கெட் உறுதியாகவில்லை என்றால் மூன்று நாள். அவனுக்குக் கிலோமீட்டர் தெரியாது. தெரிய வேண்டிய தேவையும் இல்லை. 2020 ஊரடங்கில் எங்கே இருந்தாய் என்று அத்தான் கேட்டார். இதே ஷெட்டில்தான் என்றான். அந்த ஆண்டு மே 1 அன்று புலம்பெயர்ந்த தொழிலாளர்களுக்காக நாட்டில் ஓடிய முதல் சிறப்பு ரயில், இங்கிருந்து அதிகத் தொலைவில் இல்லாத லிங்கம்பல்லியிலிருந்துதான் கிளம்பியது. சுமார் 1,200 பேரோடு ஜார்க்கண்டின் ஹாட்டியாவுக்குப் போனது. அவர்களுக்கு அன்று விமான நேரம் எத்தனை நிமிடம் என்பது எதற்கு உதவும்?

ஃபாக்ஸ் சாகர்

கொம்பல்லிப் பக்கம் ஜீடிமெட்லாவின் பெரிய ஏரி. நிஜாம் காலத்தில் 1897-இல் வெட்டியது. ஃபாக்ஸ் சாகர் என்றுதான் பெயர் நிலைத்துவிட்டது. கரை மேல் நடந்தால் ஒரு பக்கம் நீர், மறுபக்கம் அடுக்குமாடிகள். 2020 அக்டோபர் மழையில் ஏரி நிரம்பி, பக்கத்து உமாமகேஸ்வரா காலனி வாரக்கணக்கில் நீரில் நின்றது. ஏரியின் வயிற்றில் வீடு கட்டினால் என்ன ஆகும் என்பதைக் சென்னையில் கொரட்டூரும் முடிச்சூரும் வெள்ளத்தில் நின்றதைப் பார்த்த நமக்கு விளக்க வேண்டியதில்லை.

நான் இருந்தபோது பதுகம்மா. மகாளய அமாவாசையில் தொடங்கி ஒன்பது நாள். நம் வீடுகளில் கொலு வைக்கும் அதே நாட்களில் தெலங்கானாப் பெண்கள் பூவால் கோபுரம் கட்டுகிறார்கள். எதிர்வீட்டு வதினா (நம் வழக்கில் அண்ணி) பித்தளைத் தாம்பாளத்தில் பூசணி இலையைப் பரப்பி, குனுகுப் பூவின் நுனிக்குச் சாயம் தோய்த்து அடுக்கினார். அதற்கு மேல் ஒரு வளையம் மஞ்சள் தங்கேடு. கையில் எடுத்துப் பார்த்தேன், நம் ஆவாரம்பூ. பொங்கலுக்குக் காப்புக் கட்டுகிறோமே, அதேதான். அது தெலங்கானாவின் மாநிலப் பூ. மேலே மேலே அடுக்கி, உச்சியில் பூசணிப்பூவுக்குள் மஞ்சளில் பிடித்த கௌரம்மா.

சாயங்காலம் காலனித் திடலில் எல்லாத் தட்டுகளையும் நடுவில் வைத்துப் பெண்கள் சுற்றி நின்று, குனிந்து நிமிர்ந்து கை தட்டிப் பாடினார்கள். மைக் செட்டுக்காரர் இன்னொரு பக்கம் சினிமாப் பாட்டைப் போட்டும் யாரும் தாளம் தப்பவில்லை. அக்கா முதலில் ஓரமாக நின்றாள். ஒரு பாட்டி வந்து கையைப் பிடித்து வட்டத்துக்குள் இழுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அரை மணி நேரம் அவள் எங்கள் பக்கம் திரும்பவில்லை. பூத்தட்டுகளை ஏரியில் விட்டபின் ரொட்டியும் வெல்லமும் நெய்யும் பிசைந்த மலீதாவை ஆளுக்கு ஒரு கைப்பிடி கொடுத்தார்கள். அக்காவுக்கு இது வெளியூராக இருக்கும் என்று அம்மா பட்ட கவலை இனித் தேவையில்லை.

நாம்பள்ளி முதல் கூடூர் வரை

திரும்பும்போது நாம்பள்ளி ரயில் நிலையத்தில் சார்மினார் எக்ஸ்பிரஸ். இந்தத் தடம் ஏன் விஜயவாடா வழியாக இப்படிச் சுற்றுகிறது என்பதற்கு வரலாறு இருக்கிறது. நிஜாமின் ரயில் 1874-இல் மேற்கே வாடியில் பம்பாய்ப் பாதையோடு சேர்ந்தது. பிறகு 1889-இல் கிழக்கே வாரங்கல் வழியாக விஜயவாடாவைத் தொட்டது. அங்கிருந்து மதராஸுக்குக் கடற்கரைப் பாதை 1899-இல்தான் இணைந்தது. அதற்கு முன் மதராஸிலிருந்து ஹைதராபாத் போகிறவர் ராய்ச்சூர், வாடி என்று மேற்கே போய்த் திரும்பி வர வேண்டும். நல்லமலை வழியாக ஹைதராபாதுக்கு நேரே ஒரு பாதை அன்றும் வரவில்லை, இன்றும் இல்லை. காட்டுக்கு அது நல்லதுதான்.

காஜிபேட்டைக்கு முன்னமே இருட்டிவிட்டது. எதிரே நெல்லூர்க் குடும்பம். அக்கா கட்டிக்கொடுத்த ஜொன்ன ரொட்டியைப் பார்த்ததும் அவர்கள் மாங்காய்த் தொக்கை எடுத்து வைத்தார்கள். நள்ளிரவை ஒட்டி விஜயவாடா. பாலத்தில் வண்டி மெதுவாகப் போனது. வலப்பக்கம் பிரகாசம் அணையின் விளக்குகள் நீரில் நீளமாகக் கிடந்தன. நான்கைந்து பேர் தூக்கத்திலிருந்து எழுந்து வந்து ஜன்னல் வழியாக நாணயம் போட்டுக் கும்பிட்டுவிட்டுப் போய்ப் படுத்தார்கள். விமானத்தில் இதே ஆற்றைக் கடந்தபோது எனக்குப் பக்கத்தில் இருந்தவர் ஒருவர்தான் எட்டிப் பார்த்தார்.

கூடூர் தாண்டி விடிந்தபோது நாயுடுப்பேட்டை வயல்களில் நடவு நடந்துகொண்டிருந்தது. 790 கிலோமீட்டரில் கிருஷ்ணாவையும் பெண்ணையையும் தாண்டி வந்திருந்தோம்.

ஹைதராபாத் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அவசரம் இருந்தால் விமானம் சரி. ஆகஸ்டுக்கும் அக்டோபருக்கும் இடையே, பகல் விமானத்தில், ஜன்னல் பக்கம் கேளுங்கள். புறப்பட்டுக் கால் மணி கழித்துக் கண்டலேறு, இறங்கத் தொடங்கும்போது ஸ்ரீசைலம். திரும்பும்போது கட்டாயம் ரயிலில் வாருங்கள். நடுவில் ஒரு மாலை கிடைத்தால் ஷாபூர் நகருக்குப் போங்கள். எட்டு மணிக்கு முன் போனால் ரொட்டி சூடாகக் கிடைக்கும்.